திரையில் பேசுவது யார்? லினக்ஸில் நிரல் எழுதத் தொடங்கும் மாணவர்களுக்கு உதவுவது குறித்து

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினி அறிவியல் படிப்பில் புதிதாகச் சேர்ந்த சுமார் 40 மாணவர்களை, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஆறு வாரங்களுக்கு, லினக்ஸில் நிரல் எழுதப் பழக்கும் பொறுப்பு மூத்த மாணவரான உங்களிடம் வந்திருக்கிறது. எந்த லினக்ஸ் வழங்கலை (டிஸ்ட்ரிபியூஷன்) நிறுவச் சொல்வது, எத்தனை கட்டளைகளைக் கற்றுக்கொடுப்பது, எந்த எடிட்டரைப் பரிந்துரைப்பது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், சென்ற ஆண்டு இதே வகுப்பில் மாணவர்கள் கட்டளைகளை மனப்பாடமாக ஒப்பித்தார்கள் என்றும், முதல் பிழைச்செய்தி வந்த உடனே செய்வதறியாமல் நின்றுவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டளை தெரிந்த மாணவர் ஏன் நின்றுபோகிறார், அவரை எப்படி நகர வைப்பது என்பதே கேள்வி. மற்ற மூன்றுக்கும் விடை சொல்வது எளிது.

நான் 18 ஆண்டுகளாக இயங்குதளம், சி மொழி ஆகிய பாடங்களுக்கான ஆய்வகங்களை நடத்திவருகிறேன். இணையச் செயலிகளையோ கைபேசிச் செயலிகளையோ உருவாக்கிய பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே கீழே எழுதியிருப்பவை சி மொழியையும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலையும் ஒட்டியவை என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். இயங்குதளம் இயங்கும் விதம் பற்றி நான் சொல்பவற்றை நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம். கற்பிக்கும் முறை பற்றிச் சொல்பவை என் அனுபவத்திலிருந்து எழுந்த கருத்துகள். இரண்டும் கலந்துவிடாதபடி அந்தந்த இடத்தில் பிரித்துக் காட்ட முயல்கிறேன்.

வழங்கல் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா என எதை எடுத்தாலும் அடியில் இருப்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அதே கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. நாம் இடும் கட்டளையைப் படித்து இயக்கும் ஷெல்லும், மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரும் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். மென்பொருள்களை நிறுவும் முறையும் அவற்றின் பதிப்புகள் எவ்வளவு புதியவை என்பதும்தான் மாறுபடும். எனவே எது சிறந்தது என்ற விவாதத்தில் இறங்காமல், 40 பேரும் ஒரே வழங்கலின் ஒரே பதிப்பை வைத்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் திரையில் தெரியும் செய்தி பக்கத்தில் இருப்பவர் திரையிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே தெரிந்தால்தான் மாணவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள முடியும். விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களை, அதே வட்டில் இரண்டாவது இயங்குதளத்தை நிறுவும்படி முதல் வாரத்திலேயே சொல்லாதீர்கள். வட்டைப் பிரிப்பதில் நேரும் ஒரு தவறு அவர்களது கோப்புகள் அனைத்தையும் அழித்துவிடக்கூடும். மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிமுகப்படுத்திய, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்க உதவும் டபிள்யூஎஸ்எல் இப்போதைக்குப் போதும். 2019இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, உண்மையான லினக்ஸ் கெர்னலையே இயக்குகிறது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கோப்புகளை விண்டோஸின் சி டிரைவில் வைக்காமல் லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் குறைவதோடு, கோப்பு அனுமதிகளும் பாடத்தில் சொன்னபடி நடந்துகொள்ளாமல் மாணவரைக் குழப்பும்.

இனி, நின்றுபோகும் மாணவரிடம் வருவோம். புதிதாக வருபவருக்கு டெர்மினல் என்பது ஒரே ஆள். தான் தட்டச்சு செய்கிறார், ‘அது’ பதில் சொல்கிறது, அவ்வளவுதான். உண்மையில் அந்தத் திரையில் குறைந்தது ஐந்து பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள்: ஷெல், கம்பைலர், கம்பைல் ஆன துண்டுகளை நூலகங்களோடு இணைக்கும் லிங்கர், கெர்னல், கடைசியாக அந்த மாணவரே எழுதிய நிரல். ஐவரும் ஒரே எழுத்துருவில், ஒரே இடத்தில் பேசுவதால் எல்லாம் ஒரே குரலாகக் கேட்கிறது. பேசுவது யார் என்று தெரியாதவரை, அவர் சொல்வதன் பொருளும் விளங்காது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின. ஆகவே ஆறு வாரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்றால், குரலை வைத்து ஆளை அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள் என்பதே என் பதில்.

முதல் நாளில் ஐந்து வரியில் ஒரு சி நிரலை எழுதச் சொல்லி, கம்பைல் செய்ய வைத்து, அதன் பெயரைத் தட்டச்சு செய்து இயக்கச் சொல்லுங்கள். முன்னே புள்ளியும் சாய்கோடும் இட வேண்டும் என்பதை வேண்டுமென்றே சொல்லாதீர்கள். பெரும்பாலும் ‘பாஷ்’ என்ற ஷெல்லின் பெயரோடு தொடங்கி, ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று முடியும் செய்தி 40 திரைகளிலும் வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது ஏன் கிடைக்கவில்லை என்கிறது என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுந்த பிறகு, ஷெல் ‘பாத்’ என்ற மாறியில் உள்ள கோப்புறைகளில் மட்டுமே தேடும் என்பதையும், நாம் நிற்கும் கோப்புறை அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லுங்கள். அப்படி விடப்பட்டிருப்பது பாதுகாப்புக்காக என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்: பலர் பயன்படுத்தும் கோப்புறை ஒன்றில் யாராவது ‘எல்எஸ்’ என்ற பெயரில் ஒரு தீய நிரலைப் போட்டுவைத்தால், அங்கே போய்க் கோப்புகளைப் பட்டியலிட முயல்பவர் அதைத்தான் இயக்கியிருப்பார்.

இதையொட்டி இன்னொரு சிக்கல் ஆண்டுதோறும் தவறாமல் வரும். மாணவர் தன் முதல் நிரலுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைப்பார். இயக்கினால் எதுவும் அச்சாகாது, பிழைச்செய்தியும் வராது. நிரலைத் திருத்துவார், மறுபடி கம்பைல் செய்வார், மறுபடியும் அமைதிதான். ‘டெஸ்ட்’ என்பது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு கட்டளையின் பெயர். ஒவ்வொரு முறையும் இயங்கியது அதுதான், மாணவரின் நிரல் ஒருமுறை கூட இயங்கவில்லை. இங்கே ‘டைப் டெஸ்ட்’ என்று ஷெல்லிடமே கேட்க வைத்தால், அது தனக்குள் இருக்கும் கட்டளை என்று ஷெல்லே சொல்லிவிடும். யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டதே அந்த மாணவருக்கு அன்றைய பாடம்.

லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் மரபில் வந்த நிரல்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பிழையைச் சொல்லும்போது அவற்றில் பெரும்பாலானவை முதலில் தம் பெயரைச் சொல்லி, ஒரு முக்காற்புள்ளி இட்டு, பிறகுதான் பேசும். செய்தி ‘பாஷ்’ என்று தொடங்கினால் பேசுவது ஷெல். ‘மேக்’ என்று தொடங்கினால் பேசுவது, மூலக்கோப்புகளைக் கம்பைல் செய்வதை ஒழுங்குபடுத்தும் மேக் கருவி. கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது இடம் என்ற எண், இவை மூன்றும் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு வந்தால் பேசுவது கம்பைலர். ‘எல்டி’ என்ற பெயர் தலைகாட்டி, ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்ற சொற்கள் வந்தால் பேசுவது லிங்கர். இந்த நான்காவதில்தான் மாணவர்கள் அதிக நேரத்தை இழக்கிறார்கள். மூலநிரலில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை, அழைத்த செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றின் உடல் எங்கும் கிடைக்கவில்லை என்பதே லிங்கர் சொல்வதன் பொருள். வர்க்கமூலம் காணும் செயற்கூற்றை அழைத்துவிட்டு, கணித நூலகத்தை இணைக்கச் சொல்லும் ‘-எல்எம்’ விருப்பத்தை விட்டுவிட்ட மாணவர் ஒருவர், மூலநிரலின் ஒவ்வொரு அரைப்புள்ளியையும் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் சரிபார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கம்பைலர் தன் வேலையை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த விருப்பத்தைச் சேர்க்கும்போதும் மூலக்கோப்பின் பெயருக்குப் பின்னால்தான் சேர்க்க வேண்டும்; லிங்கர் இடமிருந்து வலமாகப் படிப்பதால், முன்னால் வைத்தால் பல வழங்கல்களில் அதே பிழை மறுபடியும் வரும்.

கெர்னல் மட்டும் மாணவரிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரு நிரல் கோப்பைத் திறக்கக் கேட்டு அது முடியாமல் போனால், கெர்னல் ஓர் எண்ணைத்தான் திருப்பித் தரும். லினக்ஸில் 2 என்றால் அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை. கேட்ட நிரல்தான் அந்த எண்ணைச் சொற்களாக மாற்றி நமக்குச் சொல்கிறது. எனவே ‘பாஷ்’ என்று தொடங்கி ‘பெர்மிஷன் டினைட்’ என்று முடியும் செய்தியில் இரண்டு குரல்கள் இருக்கின்றன: சொல்வது ஷெல், சொன்ன காரணம் கெர்னலுடையது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வேறொரு புதிரும் அவிழும். விண்டோஸ் எடிட்டரில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்டை லினக்ஸில் இயக்கும்போது, கோப்பு அங்கேயே இருந்தும் அப்படியொரு கோப்பு இல்லை என்ற செய்தி வரும். விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் இரண்டு குறிகளால் முடிக்கிறது. லினக்ஸ் ஒன்றால் முடிக்கிறது. அந்தக் கூடுதல் குறி, முதல் வரியில் இருக்கும் இன்டர்பிரட்டரின் (ஸ்கிரிப்ட்டைப் படித்து இயக்கும் நிரலின்) பெயரோடு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ள, கெர்னல் அந்தப் பெயரில் ஓர் இன்டர்பிரட்டரைத் தேடிப் பார்த்து இல்லை என்கிறது. இல்லாமல் போனது மாணவரின் ஸ்கிரிப்ட் அல்ல, அது பெயர் சொல்லிக் கூப்பிட்ட இன்டர்பிரட்டர்.

இதற்கு நான் செய்துவரும் பயிற்சி எளிமையானது. 12 பிழைச்செய்திகளைத் தாளில் அச்சிட்டு இருவருக்கு ஒரு தாள் வீதம் கொடுக்கிறேன். கணினியைத் தொடக்கூடாது, பிழையைத் திருத்தவும் வேண்டாம். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, பேசுவது யார் என்று ஒரே சொல் எழுத வேண்டும். இருபது நிமிடம் போதும். அந்தத் தாளை முடித்த பிறகு, மாணவர்கள் என்னைக் கூப்பிடும் விதமே மாறிவிடுகிறது. ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ‘லிங்கர் ஏதோ கேட்கிறது’ என்று சொல்லத் தொடங்குகிறார்கள்.

‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற செய்திக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் குரலை மாற்றிப் புரிந்துகொள்வது இதில்தான் மிக அதிகம். அந்தச் சொற்களைத் தன் நிரல் அச்சிட்டதாக மாணவர் நினைக்கிறார். அவை திரைக்கு வரும்போது அந்த நிரல் உயிரோடு இல்லை. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தை நிரல் தொட்டபோது, புராசசர் கெர்னலுக்குத் தெரிவிக்கிறது. கெர்னல் 11ஆம் எண் சிக்னலை அனுப்ப, நிரல் அங்கேயே முடிகிறது. அதன் முடிவுக்காகக் காத்திருந்த ஷெல், அது எப்படி முடிந்தது என்பதை அறிந்து நமக்குச் சொல்கிறது. இது வெறும் விளக்கமாக நின்றுவிடக் கூடாது. நிரல் விழுந்த உடனே ‘எக்கோ $?’ என்று கேட்கச் சொல்லுங்கள்; கடைசிக் கட்டளை எப்படி முடிந்தது என்பதை ஓர் எண்ணாகக் காட்டும் அது, 139 என்று தரும். 128உடன் சிக்னலின் எண்ணான 11ஐக் கூட்டினால் 139. ஒழுங்காக முடிந்த நிரல் 0 தரும். கட்டளை கிடைக்காவிட்டால் 127, கிடைத்தும் இயக்க முடியாவிட்டால் 126. இந்த நான்கு எண்களையும் மாணவர்கள் தாமே வரவழைத்துப் பார்க்க வேண்டும். முதன்மைச் செயற்கூற்றின் இறுதியில் எதற்காக 0 என்று எழுதுகிறோம் என்று அதுவரை யோசிக்காதவர்கள் அப்போது யோசிப்பார்கள்.

வழிகாட்டியாக விளங்கும் ‘மேன்’ பக்கங்களும் இதே பிரிவினையைத்தான் பின்பற்றுகின்றன. ஒன்றாம் பிரிவில் கட்டளைகள், இரண்டாம் பிரிவில் கெர்னலிடம் நேராகக் கேட்கும் அழைப்புகள், மூன்றாம் பிரிவில் நூலகச் செயற்கூறுகள். பிரிண்ட்எஃப் பற்றித் தெரிந்துகொள்ள ‘மேன் பிரிண்ட்எஃப்’ என்று கேட்டால் ஷெல்லில் பயன்படும் கட்டளையின் பக்கம்தான் வரும். சி செயற்கூறு வேண்டுமென்றால் இடையில் 3 என்ற எண்ணைச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு விவரம் தெரியாமல், மேன் பக்கங்கள் தமக்குப் புரியாதவை என்று முடிவு செய்துவிட்ட மாணவர்கள் பலர். பக்கம் முழுவதையும் படிக்கச் சொல்லாதீர்கள். செயற்கூறு எதைத் திருப்பித் தரும், எந்தெந்தப் பிழைகள் நேரலாம் என்ற இரண்டு பகுதிகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரத்துக்கு ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். இவ்வளவு சிறிய நிரலில் இவ்வளவு பாடம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. முதன்மைச் செயற்கூற்றுக்குள் இரண்டே கூற்றுகள். முதலாவது, பிரிண்ட்எஃப் மூலம் ‘வணக்கம்’ என்று அச்சிட்டு வரியை முடிக்கிறது. இரண்டாவது, ஃபோர்க் என்ற அழைப்பின் மூலம் நிரல் தன்னைப் போலவே இன்னொரு செயலாக்கத்தை (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலை) உருவாக்குகிறது. பிறகு நிரல் முடிகிறது. டெர்மினலில் இயக்கினால் ‘வணக்கம்’ ஒருமுறை வரும். ஃபோர்க்குக்கு முன்பே அச்சிட்டுவிட்டதால் அது சரிதான் என்று எல்லோரும் தலையசைப்பார்கள். இப்போது அதே நிரலை, ஓர் எழுத்தும் மாற்றாமல், ‘>’ குறியிட்டு வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு இயக்கச் சொல்லுங்கள். கோப்பைத் திறந்தால் ‘வணக்கம்’ இரண்டு முறை இருக்கும்.

வகுப்பில் அப்போது எழும் சலசலப்பை அடக்காதீர்கள்; பத்து நிமிடமாவது அவர்களே வாதிடட்டும். காரணம் இதுதான். பிரிண்ட்எஃப் எழுத்துகளை உடனே கெர்னலிடம் கொடுப்பதில்லை, சி நூலகம் அவற்றை ஓர் இடைத்தேக்கத்தில் சேர்த்துவைக்கிறது. வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது வரி முடிந்த உடனே தேக்கத்தைக் காலி செய்கிறது. கோப்புக்குப் போகும்போது தேக்கம் நிரம்பும்வரை, அல்லது நிரல் முடியும்வரை காத்திருக்கிறது. ஆகவே ஃபோர்க் நிகழும் நேரத்தில் ‘வணக்கம்’ இன்னும் நிரலின் நினைவகத்திலேயே கிடக்கிறது. ஃபோர்க் நினைவகத்தை அப்படியே நகலெடுப்பதால், புதிய செயலாக்கத்திடமும் ஒரு ‘வணக்கம்’ இருக்கிறது. இரண்டும் முடியும்போது, இரண்டும் தத்தம் தேக்கத்தைக் காலி செய்கின்றன. நிரல் கெர்னலிடம் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ கருவியை ‘-எஃப்’ விருப்பத்தோடு சேர்த்து இயக்கினால், கெர்னலை நோக்கி எழுதும் அழைப்பு இரண்டு செயலாக்கங்களிலிருந்தும் தனித்தனியே போவதைக் கண்ணால் காணலாம். நூலகம் வேறு, கெர்னல் வேறு என்று பத்து முறை சொல்லியும் பதியாதது இந்த ஒரு சோதனையில் பதிந்துவிடும். விழுந்துபோகும் நிரலில் வழுவைத் தேடுபவர்களுக்கு, விழுவதற்கு முன்னால் வைத்த பிரிண்ட்எஃப் சில சமயம் ஏன் திரைக்கு வருவதே இல்லை என்பதும் அப்போது விளங்கும். தேக்கத்திலேயே அது அழிந்துபோயிருக்கும். மாணவரோ அந்த வரிக்கு முன்னாலேயே நிரல் விழுந்துவிட்டது என்று நம்பி, தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். இந்தக் காரணத்தால், வழுவைத் தேடும் செய்திகளைப் பிழைகளுக்கென்று இருக்கும் இரண்டாம் எண் தடத்தில் எழுதப் பழக்குங்கள். சி நூலகம் அதை இயல்பாகத் தேக்கி வைப்பதில்லை. முன்னெச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஃபோர்க்கைத் தெரியாமல் முடிவில்லாச் சுழலுக்குள் எழுதிவிடும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது இருப்பார். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினி என்றால், ஒரு பயனர் உருவாக்கக்கூடிய செயலாக்கங்களின் எண்ணிக்கைக்கு முன்கூட்டியே வரம்பு வைத்துவிடுங்கள்.

கட்டளைகள் எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். கோப்புறைகளுக்குள் நடமாட, கோப்புகளைப் பார்க்க, நகலெடுக்க, நகர்த்த, அழிக்க, தேட, அனுமதியை மாற்ற, ஓடும் செயலாக்கங்களைக் காண, நிறுத்த என்று சுமார் 15 போதும் என்பது என் கணிப்பு. எண்ணிக்கையை விட முக்கியம், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பைப். டக் மெக்கில்ராய் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பேரில் 1973இல், யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அதில் சேர்த்தது அது. ஒரு கட்டளையின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகிறது என்பதைக் காட்டிய கையோடு, பிழைச்செய்திகள் ஏன் அந்தக் குழாய்க்குள் போகாமல் திரைக்கே வருகின்றன என்றும் கேளுங்கள். சற்று முன் சொன்ன இரண்டாம் தடம் எதற்காகத் தனியே இருக்கிறது என்பதற்கு அதுவே விடை.

கம்பைலரை எச்சரிக்கைகள் இல்லாமல் ஒரு நாளும் இயக்க விடாதீர்கள். எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ‘-வால்’, வழு தேடுவதற்கான விவரங்களைச் சேர்க்கும் ‘-ஜி’ என்ற இரண்டு விருப்பங்களும் முதல் நாளிலிருந்தே விரலில் படிந்திருக்க வேண்டும். நிபந்தனைக்குள் இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக ஒற்றைச் சமக்குறி இட்டுவிட்ட பிழையை, மனிதக் கண் தவறவிட்டாலும் கம்பைலர் சுட்டிக்காட்டிவிடும். முப்பது பிழைகள் வந்தால் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்வது என்ற ஒழுக்கத்தையும் சேர்த்துப் பழக்குங்கள், பின்னால் வருபவை பெரும்பாலும் முதலாவதன் எதிரொலிகளே. அணியின் எல்லையைத் தாண்டி எழுதும் தவறுகளுக்கு, ஜிசிசியிலேயே உள்ள முகவரிச் சோதனை வசதியை இயக்கிவிட்டால், தவறு நடந்த வரியையே அது காட்டும். வழுவைத் தேட உதவும் ஜிடிபி கருவியில் நிறுத்தம் வைப்பது, இயக்குவது, அழைப்புத்தொடரைப் பார்ப்பது, மாறியின் மதிப்பைப் பார்ப்பது என்ற நான்கும் தெரிந்தால் இந்த ஆறு வாரத்துக்குப் போதும். மேக் கருவியை, நிரல் இரண்டு மூலக்கோப்புகளாகப் பிரியும் நாள்வரை தள்ளிவையுங்கள். தேவை எழும் முன் கொடுத்த கருவி சுமையாகவே தெரியும். கொடுக்கும்போது, கட்டளை வரியின் தொடக்கத்தில் இடைவெளிகள் அல்ல, டேப் எழுத்துதான் இருக்க வேண்டும் என்பதை எடிட்டரில் காட்டிவிடுங்கள். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் மேக்கை உருவாக்கிய நாளிலிருந்து தொடரும் விதி அது. ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று மேக் சொன்னால் அநேகமாக அதைப் பற்றித்தான் பேசுகிறது.

எடிட்டரைப் பொறுத்தவரை என்னிடம் வலுவான கருத்து இல்லை. மாணவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்று, வரி எண்ணைக் காட்டினால் போதும். வி எடிட்டருக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால் வெளியே வருவது எப்படி என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்; வேறு கட்டளைகள் சில நேரம் அவர்களைக் கேட்காமலே அதற்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ‘ஆர்எம்’ கட்டளை அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை என்பதையும், நிர்வாகி உரிமையோடு இயங்கும்படி ‘சூடோ’ என்று தொடங்கும் எதையும் பொருள் புரியாமல் எங்கிருந்தும் எடுத்து ஒட்டக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் இயங்குதளம் பற்றியவை உறுதியானவை. சி மொழியில்தான் தொடங்க வேண்டுமா, பைத்தானில் தொடங்கலாமா என்பதில் ஆசிரியர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. இரு தரப்பிலும் நல்ல ஆசிரியர்களை அறிவேன். கெர்னலின் அருகே மாணவரைக் கொண்டுபோக வேண்டும் என்பதால் நான் சி பக்கம் நிற்கிறேன், ஆனால் உங்கள் பாடத்திட்டம் பைத்தானில் இருந்தால் குரலை அடையாளம் காணும் பயிற்சி அங்கும் அப்படியே பொருந்தும். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் பிழைச்செய்தியை ஒட்டி விடை கேட்பதைத் தடுக்க வேண்டுமா என்பதிலும் எனக்கு முடிந்த முடிவு கிடையாது. கேட்பதற்கு முன்னால், பேசுவது யார், என்ன சொல்கிறது என்று இரண்டு வரி தாமே எழுதிவிட்டுக் கேட்கட்டும் என்ற நிபந்தனையை மட்டும் வைக்கிறேன். அந்த இரண்டு வரியை எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடுகிறது.

உதவி செய்பவர் என்ற முறையில் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் விசைப்பலகையைத் தொடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், முதல் வாரத்தில் ஒரு மாணவி, டெர்மினல் உறைந்துபோய்விட்டது, கணினியைக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நடுங்கிய குரலில் கூப்பிட்டார். கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தியிருந்தார். டெர்மினலில் அது வெளியீட்டை நிறுத்திவைக்கும் குறி. நான் எட்டிக் கன்ட்ரோல், கியூ இரண்டையும் அழுத்திவிட்டு நகர்ந்தேன். திரை உயிர்பெற்றது. நின்றிருந்தபோது அவர் தட்டிய எழுத்துகளெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. அடுத்த வாரம் அதே மாணவி, அதே காரணத்துக்காக, அதே நடுங்கிய குரலில் மறுபடியும் கூப்பிட்டார். அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது, உறைந்தால் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும் என்பதைத்தான். இரண்டாவது முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விசைகளை வாயால் சொல்லி, அவரையே வேண்டுமென்று இரண்டு முறை உறையவைத்து மீட்கச் சொன்னேன். அதற்குப் பிறகு பக்கத்து மேசைகளில் உறைந்த டெர்மினல்களையெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார்.

கடைசி இரண்டு வாரங்களுக்கு, சிறிய ஷெல் ஒன்றை அவர்களே எழுதட்டும். ஒரு வரியைப் படிப்பது, சொற்களாகப் பிரிப்பது, ஃபோர்க் செய்வது, புதிய செயலாக்கத்தில் எக்ஸெக் மூலம் அந்தக் கட்டளையை இயக்குவது, பழையதில் வெயிட் மூலம் காத்திருப்பது, மறுபடி தொடங்குவது என்று 100 வரிக்குள் முடிந்துவிடும். திரையில் பேசும் ஐவரில் ஒருவரை அவர்களே உருவாக்கிவிட்டார்கள் என்பதால், பிழைச்செய்தியின் தொடக்கத்தில் தம் ஷெல்லின் பெயரை இட்டு முக்காற்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோப்புகளைப் பட்டியலிடுவது, தேடுவது எல்லாம் அதில் நன்றாக நடக்கும். யாராவது ஒருவர் கோப்புறையை மாற்றும் ‘சிடி’ கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பார். அது மட்டும் நடக்காது, பல வழங்கல்களில் அப்படியொரு நிரலே இல்லை என்று எக்ஸெக் சொல்லிவிடும். கோப்புறையை மாற்றும் அழைப்பைப் புதிய செயலாக்கத்துக்குள் அவரே எழுதிப் பார்த்தாலும் பயனிருக்காது. மாறியது பிள்ளையின் கோப்புறை, அது மாறிய கையோடு முடிந்துபோகிறது, தாய்ச் செயலாக்கம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ‘சிடி’ ஷெல்லுக்குள்ளேயே ஏன் இருந்தாக வேண்டும் என்ற விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். கரும்பலகையில் இரண்டு செயலாக்கங்களையும் இரண்டு பெட்டிகளாக வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அது நிற்கும் கோப்புறையின் பெயரை எழுதிவிட்டு, ஒதுங்கி நில்லுங்கள்.